மாத்திரை டப்பா யார் கையில் இருக்கிறது?

விடிகாலையில் கம்பம், கூடலூர், போடிப் பக்கம் ரோட்டோரம் நின்றால் ஜீப்புகள் வரிசையாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். தூக்குச்சட்டியும் தலையில் கட்ட ஒரு துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று ஏதோ ஒரு வழியாக மலையேறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். கேரளாவில் கூலி கூடுதல், அவ்வளவுதான் காரணம். ஜீப் கிளம்பும்போது ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர் திறந்திருக்காது. திரும்பி வரும்போது மூடியிருக்கும். எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் அந்த ஜீப்பில் இருந்தால், மருந்து வாங்கும் நாள் என்றாலே அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு என்று அர்த்தம்.

அதே ஜீப்பில் 19 வயதுப் பெண் ஒருத்தியும் 55 வயது அம்மா ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் எச்.ஐ.வி. இருவரும் எடுப்பது ஒரே மாத்திரை. இவர்களில் யார் சிகிச்சையைப் பாதியில் விடுவார்? எங்கள் ஊரில் கேட்டால் பெரும்பாலோர் அந்த அம்மாவைத்தான் காட்டுவார்கள். மறதி, மூட்டுவலி, படிப்பு இல்லை, பஸ் ஏறி அலைய முடியாது என்று காரணமும் சொல்வார்கள்.

கணக்கு நேர்மாறாக இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பார்த்தாலும் இந்தியாவில் பார்த்தாலும் ஐரோப்பாவில் பார்த்தாலும், 15 முதல் 24 வயதுக்காரர்களில்தான் மருந்து வாங்க வராமல் நின்றுபோகிறவர்களின் பங்கு அதிகம். 50 தாண்டியவர்கள் சொன்ன தேதிக்கு வந்து நிற்கிறார்கள், மாத்திரையையும் ஒழுங்காக விழுங்குகிறார்கள். ஆனால் ஒழுங்காக விழுங்கும் அந்தப் பெரியவர்கள்தான் இளையவர்களைவிட அதிகமாகச் சாகிறார்கள். முதல்முறை கேட்கும்போது இது குழப்பமாகத்தான் இருக்கும்.

'சிகிச்சை பலித்ததா' என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பதால் வரும் குழப்பம் இது. ஆள் தொடர்ந்து வருகிறாரா? வைரஸ் அடங்கியதா? உடம்பு தேறியதா? மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். வயது இந்த மூன்றையும் வேறு வேறு பக்கமாக இழுக்கிறது.

வைரஸ் அடங்கியதா என்பதைச் சொல்வது வைரல் லோடு டெஸ்ட். ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் நகல்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை அது. நம் நாட்டுத் திட்டத்தில் 1,000-க்குக் கீழே இருந்தால் அடங்கியதாகக் கணக்கு. கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் போகாது. உடம்பு தேறியதா என்பதைக் காட்டுவது சிடி ஃபோர் எண்ணிக்கை. நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று அது சொல்லும். நல்ல உடம்பில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் காசநோய் முதல் மூளைக் காய்ச்சல் வரை எது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். மாத்திரை வைரஸைத்தான் அடக்கும். அணுக்களைத் திரும்ப உண்டாக்க வேண்டியது உடம்பு, அந்த உடம்புக்கு ஒரு வயது இருக்கிறது.

வயதைப் பற்றிப் பேசும்போது எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். 17-ஆ 27-ஆ என்பதைவிட, அந்த வயதில் மாத்திரை டப்பா யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டால் நிறைய விஷயம் தெளிவாகும். ஒரு ஆயுளில் அந்த டப்பா மூன்று நான்கு தடவை கைமாறுகிறது. ஆள் நழுவுவது பெரும்பாலும் அந்தக் கைமாற்றத்தில்தான்.

முதல் கை அம்மாவுடையது, பல வீடுகளில் பாட்டியுடையது. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தொற்று வாங்கிய குழந்தைக்கு நேரம் ரொம்பக் குறைவு. சிகிச்சை இல்லாவிட்டால் அப்படிப்பட்ட குழந்தைகளில் பாதிப்பேர் 2 வயதைத் தாண்டுவதில்லை. அதனால்தான் 6 வாரத்திலேயே ரத்தம் எடுத்து வைரஸ் நேரடியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரண டெஸ்ட் இங்கே உதவாது. அம்மாவின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட மிதந்துகொண்டு பொய்யாக 'இருக்கிறது' என்று காட்டும். தாய்க்குச் சரியாக மருந்து கொடுத்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம், ஒன்றும் செய்யாமல் விட்டால் 15 முதல் 45 சதவீதம். இப்போது கர்ப்பிணிகளுக்கெல்லாம் டெஸ்ட் செய்கிறார்கள் என்பதால் புதிதாகத் தொற்றோடு பிறக்கும் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள்.

குறைவதற்கு முன்னால் பிறந்தவர்கள் இருக்கிறார்களே, இந்தக் கதை முக்கியமாக அவர்களைப் பற்றியது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986-ல், சென்னையில். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். தாம்பரம் ஆஸ்பத்திரி அந்த முதல் மையங்களில் ஒன்று. இடையில் 18 வருடம். அந்தப் பதினெட்டு வருடத்திலும் அதற்குச் சற்றுப் பிறகும் பிறந்து, அப்பாவையோ அம்மாவையோ இருவரையுமோ இழந்து, பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ விடுதியிலோ வளர்ந்த பிள்ளைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் சிறுவயதில் குடித்த மருந்து லேசுப்பட்டதில்லை. லோபினாவிர் சிரப்பின் கசப்பு, கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். வெல்லத்தில் குழைத்து, தேனைத் தடவி, மூக்கைப் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்து, ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு. எடை கூடக் கூட அளவும் மாறும். இப்போது தண்ணீரில் கரையும் 10 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் மாத்திரை குழந்தைகளுக்கு வந்துவிட்டது; பழம் மாதிரி வாசம்கூட உண்டு. 30 கிலோ ஆகிவிட்டால் பெரியவர்களின் ஒற்றை மாத்திரைக்கே மாறிவிடலாம். நல்ல விஷயம்தான், கொஞ்சம் தாமதமாக வந்தது.

பாட்டி கையில் டப்பா இருந்தவரை மாத்திரை தவறவில்லை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஒன்று, ராத்திரி படுக்கும்போது ஒன்று. என்ன மாத்திரை என்று கேட்டால் 'சத்து மாத்திரை' என்பார் பாட்டி. சில வீடுகளில் 'நெஞ்சுச்சளிக்கு'. பொய்யை ஐந்து வயதில் பிள்ளை நம்பும், பத்து வயதில் சந்தேகப்படும், பதின்மூன்றில் மருந்து மையம் கொடுத்த பச்சை புத்தகத்தின் மேல் அச்சடித்திருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். இதைக் கருத்தில் வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2011-ல் சொன்னது: பள்ளி வயதிலேயே, 12 வயதுக்குள், படிப்படியாகப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொல்பவருக்கு அது எத்தனை கஷ்டம் என்பது வேறு விஷயம். 'உனக்கு இது இருக்கிறது' என்று சொன்னால் அடுத்த கேள்வி 'எப்படி வந்தது?' அதற்குப் பதில் சொல்ல இறந்துபோன மகளைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ பேச வேண்டும். எந்தப் பாட்டி பேசுவார்? கவுன்சிலர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். கவுன்சிலரோ, வீட்டில் முதலில் பேசட்டும் என்று காத்திருப்பார்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் வளரிளம் பருவம் வருகிறது. இந்த வயதுக்கு உலக அளவில் ஒரு கசப்பான கணக்கு உண்டு. 2005-க்கும் 2012-க்கும் இடையில் எச்.ஐ.வி. தொடர்பான மொத்தச் சாவுகள் 30 சதவீதம் குறைந்தன. அதே ஆண்டுகளில் 10 முதல் 19 வயதுக்காரர்களின் சாவு 50 சதவீதம் கூடியது. மருந்து இல்லாத காலத்துக் கணக்கு இல்லை இது, மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் நடந்தது. குழந்தையாக இருந்தபோது பிழைத்தவர்களும், யாரும் டெஸ்ட் செய்யாததால் தெரியாமலே வளர்ந்தவர்களும் பதின்ம வயதில் வந்து விழுந்தார்கள்.

பதினாறு வயதுப் பையனிடம் 'மாத்திரை ஏன் போடவில்லை' என்று கேட்டால் 'மறந்துட்டேன்' என்றுதான் சொல்வான். அந்த ஒரு வார்த்தைக்குள் என்னவெல்லாமோ இருக்கும். விடுதியில் எட்டுப் பேர் இருக்கும் அறையில் டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வரும். பக்கத்துக் கட்டில்காரன் 'என்னடா அது' என்பான். மாதம் ஒரு நாள் லீவு கேட்டால் வாத்தியார் காரணம் கேட்பார். நண்பர்களோடு ராத்திரி திருவிழா பார்க்கப் போனால் மாத்திரை வீட்டில் இருக்கும். இன்னொன்றும் உண்டு, இதை வெளியே சொல்ல மாட்டார்கள்: நான் ஒன்றும் தப்புச் செய்யவில்லையே, நான் ஏன் போட வேண்டும் என்ற கோபம். ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் நிறுத்தினாலும் வெளியில் ஒன்றும் தெரியாது. 'பாத்தியா, ஒண்ணும் ஆகல' என்று மனசு சொல்லும். உள்ளே வைரஸ் அந்த இடைவெளியில்தான் பெருகும். அரைகுறையாக மருந்து இருக்கும் ரத்தத்தில் பெருகினால் அந்த மருந்தையே தாங்கிப் பழகிக்கொள்ளும்.

பழைய மருந்துகளில் இந்தச் சிக்கல் மோசம். நெவிராபின், எஃபாவிரென்ஸ் போன்றவற்றை வைரஸ் ஒரே ஒரு மாற்றத்தில் தாண்டிவிடும். இந்தப் பிள்ளைகளில் சிலருடைய அம்மாக்களுக்குப் பிரசவ நேரத்தில் ஒரே ஒரு டோஸ் நெவிராபின் கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு இருந்த வழி அதுதான். அதையும் மீறித் தொற்று வந்த குழந்தைகளில் பலரிடம், சிகிச்சை தொடங்கும் முன்னரே அந்த மருந்துக்குப் பழகிய வைரஸ் இருந்தது. 2020-லிருந்து நம் திட்டத்தில் வந்திருக்கும் டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை இந்த விஷயத்தில் ரொம்ப முரட்டு மருந்து, வைரஸ் அதை ஏமாற்றுவது கடினம். ஆக, இடையில் விட்டவரையும் 'வா, மறுபடி ஆரம்பிக்கலாம்' என்று கூப்பிட முன்பைவிட இப்போது வாய்ப்பு அதிகம்.

சட்டமும் இந்த வயதை ஒரு விதத்தில் கவனித்திருக்கிறது. எச்.ஐ.வி. பாதித்தோர் உரிமைக்கான சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பாகுபாடு கூடாது, சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பதெல்லாம் பலருக்கும் தெரிந்திருக்கும். அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு. எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளும் அண்ணனோ அக்காவோ 12 வயது நிரம்பி, போதிய பக்குவமும் உள்ளவராக இருந்தால், 18 வயது ஆகாவிட்டாலும் தம்பி தங்கைக்குக் காப்பாளராக இருக்கலாம். பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, சிகிச்சை எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்துச் செல்லும். ஏழாம் வகுப்புப் பிள்ளை தங்கையின் மாத்திரை டப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இந்த நாட்டில் இருக்கின்றன என்று நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது போலத்தான் அது. படித்தபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை நான்.

அப்புறம் கல்யாண வயது. பாட்டி இருந்தால் தள்ளாமையில் இருப்பார், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்திருப்பார். டப்பா இப்போது முழுக்கத் தன் கையில். பெண்ணாக இருந்தால் கட்டிக்கொடுத்த வீட்டில் அதை எங்கே வைப்பது என்பதே பெரிய பிரச்சினை. அரிசிப் பானைக்குள் வைத்தவர்கள் உண்டு, பவுடர் டப்பாவுக்குள் மாற்றி வைத்தவர்கள் உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது குழந்தைக்காக ஒரு நாள் தவறாமல் போடுகிறவர்கள், குழந்தை பிறந்து அதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தளர்ந்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் சிகிச்சையிலிருந்து நழுவுவது பல நாடுகளிலும் பார்த்த விஷயம். நம் ஊரில் கூடுதலாகத் தாய்வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவே மாறுவதும் சேர்ந்துகொள்கிறது. வயது குறைவாக இருந்தால் இது இன்னும் அதிகம்.

எல்லைப்பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் சிலர் தினமும் இறங்காமல் மலையிலேயே தங்கிவிடுவார்கள். தோட்டத்துக் குடியிருப்பிலோ தெரிந்தவர் வீட்டிலோ மாதக்கணக்கில் இருப்பு. தமிழ்நாட்டில் டெஸ்ட் செய்யும் இடத்துக்குப் பெயர் நம்பிக்கை மையம். அந்தப் பக்கம் போனால் அதுவே ஜ்யோதிஸ், மருந்து கொடுக்கும் மையம் உஷஸ். மாத்திரையும் அட்டவணையும் ஒன்றுதான், நாடு முழுக்க ஒரே திட்டம். இங்கிருந்து மாற்றல் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். மாற்றல் சீட்டு வாங்கத்தான் யாருக்கும் நேரம் இல்லை. கம்பத்திலிருந்து தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் க.விலக்குக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஒரு நாள் அதற்குப் போனால், வேலையைச் சேர்த்துவிட்ட கங்காணி அடுத்த நாள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். தெரிந்த ஊரில் மருந்து வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வேண்டுமென்றே தூரத்து மையத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு, தூரமே பிறகு காலை வாரும்.

இங்கே புள்ளிவிவரம் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வராதவரை மையத்தில் 'எல்.எஃப்.யூ.' என்று குறிப்பார்கள். தொடர்பு அறுந்தவர் என்று அர்த்தம். அப்படிக் குறித்தவர்களைத் தேடிப் போய்ப் பார்த்த ஆய்வுகளில் மூன்று வகை ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள்: உண்மையிலேயே மருந்தை விட்டவர்கள், சொல்லாமல் வேறு மையத்தில் சேர்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், இறந்துபோனவர்கள். காணாமல் போன இளைஞர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே மருந்து வாங்கிக்கொண்டிருக்கலாம். காணாமல் போன பெரியவர் காணாமல் போகவே இல்லை, அவருக்குக் காரியம் முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். பதிவேட்டில் இரண்டும் ஒரே மூன்றெழுத்து. வயதுவாரியாகக் கணக்குப் போடும்போது இந்த ஒன்று எல்லாவற்றையும் வளைத்துவிடும்.

நடுத்தர வயது ஆண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெண்கள் கர்ப்ப காலத்தில் டெஸ்ட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். ஆண்களுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. மாசக்கணக்கில் இருமி, எடை குறைந்து, காசநோய் என்று வந்த பிறகுதான் இதுவும் தெரியும். தாமதமாகத் தொடங்கினால் முதல் ஆறு மாதத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. குடி சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு மாற்றம் 2017-ல் வந்தது. அதற்கு முன் சிடி ஃபோர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. 2004-ல் அந்த அளவு 200. 2017-லிருந்து, தொற்று இருப்பது தெரிந்தால் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் உடனே மருந்து. மருத்துவ ரீதியாக இது மிகச் சரி. ஆனால் மனசு வேறு கணக்கு வைத்திருக்கிறது. பழைய ஆட்கள் எலும்பும் தோலுமாகப் படுத்துக் கிடந்து, இந்த மாத்திரையால் எழுந்து நடந்தவர்கள். ஸ்டாவுடின் என்ற பழைய மருந்து கன்னத்துச் சதையை ஒட்டவைத்து, பார்த்ததும் தெரியும்படி செய்தபோதும் விடவில்லை அவர்கள். மாத்திரை என்ன செய்யும் என்று உடம்பால் அறிந்தவர்கள். ஒரு நோவும் தெரியாத 22 வயதில் தொடங்குகிறவருக்கு அந்த நினைவு இல்லை. இளையவர்கள் அதிகம் நழுவுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இனி அந்த 55 வயது அம்மா பக்கம் வருவோம்.

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? சிரித்துக்கொண்டே ஊர் முழுக்க அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டோம். அந்த விளம்பரம் யாரைக் குறிவைத்ததோ அந்த வாலிபர்களில் பலருக்கு இப்போது 50-ஐ நெருங்குகிறது, சிலருக்குத் தாண்டிவிட்டது. நேரத்தோடு மருந்தைத் தொடங்கி விடாமல் எடுத்தவர்களுக்கு ஆயுள் மற்றவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகவே ஆகிவிட்டது. அதனால் மையத்து பெஞ்சில் நரைத்த தலைகள் கூடிக்கொண்டே வருகின்றன. எய்ட்ஸ் என்றால் வாலிப நோய் என்று பழகிய கண்ணுக்கு இது புதுக் காட்சி.

இவர்களுக்கு மாத்திரை ஒரு பழக்கம். காலை காபி, ராத்திரி சீரியல் முடிந்ததும் மாத்திரை. பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் சேர்ந்துகொண்டதில் மாத்திரை போடுவதே வெட்கப்படும் விஷயமாக இல்லாமல் போய்விட்டது. அந்த வயதில் எல்லார் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கிறதே. வைரஸ் அடங்குவதில் இவர்கள் இளையவர்களைவிட முன்னால் நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

உடம்பு தேறுவதில்தான் பின்தங்குகிறார்கள். சிடி ஃபோர் அணுக்கள் பயிற்சி எடுக்கும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி. சிறுவயதில் பெரிதாக இருக்கும், வயதாக ஆகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். வைரஸை முழுக்க அடக்கிய பிறகும் 25 வயது உடம்பு அணுக்களை உண்டாக்கும் வேகத்தில் 55 வயது உடம்பால் உண்டாக்க முடியாது. தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கினால் இடைவெளி இன்னும் பெரிது. வயதானவர்கள் தாழ்ந்த இடத்திலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். காரணம் சங்கடம். 58 வயது விதவை ஒருவர் விடாத காய்ச்சலோடும் எடைக்குறைவோடும் வந்தால் சுகர், டைஃபாய்டு, புற்றுநோய் வரை தேடுவார்கள். எச்.ஐ.வி. டெஸ்ட் எழுத டாக்டருக்கே கை தயங்கும். 'இந்த வயசுல போய் இதைக் கேக்குறதா?' கணவர் பத்து வருடம் முன்பு 'மஞ்சள் காமாலையில்' போனதாகச் சொல்லியிருப்பார்கள், யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள்.

வைரஸ் அடங்கிய பிறகும் உடம்புக்குள் ஒரு லேசான அழற்சி பல வருடம் புகைந்துகொண்டே இருக்கும். இதயம், சிறுநீரகம், எலும்பு மூன்றும் இவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தேய்கின்றன. 2023-ல் வெளிவந்த ரிப்ரீவ் என்ற ஆய்வு, எச்.ஐ.வி. உள்ள 40 முதல் 75 வயதுக்காரர்கள் 7,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தது. மாரடைப்பு ஆபத்து அப்படியொன்றும் அதிகம் இல்லை என்று கருதப்பட்டவர்கள் அவர்கள். கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய சம்பவங்கள் 35 சதவீதம் குறைவாக இருந்தன. வைரஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

நடைமுறையில் தடுக்கிவிடுவது இன்னும் சின்ன விஷயங்கள். சுகருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து, இதற்கு வேறு இடத்தில் மருந்து. அங்கே இதைச் சொல்வதில்லை, இங்கே அதைக் கேட்பதில்லை. டோலுடெக்ராவிர் எடுக்கிறவர் உடம்பில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்து வழக்கத்தைவிட அதிகமாகத் தேங்கும். அதனால் மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள். அது தெரியாமல் 'சுகர் இறங்கவில்லை, கூட்டிப் போடுங்கள்' என்று எழுதிக்கொடுத்துவிடுவார்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அந்த ரோஸ் கலர் மருந்து டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் மாத்திரை போட வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும் வெறும் வயிற்றில் சேர்ந்தால் அப்படித்தான். சாப்பாட்டோடு என்றால் பரவாயில்லை. அந்த ஒற்றை மாத்திரையில் சேர்ந்திருக்கும் டெனோஃபோவிர் சிறுநீரகத்தைக் கொஞ்சம் சோதிக்கும் மருந்து. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை அதோடு சேர்ந்தால் சோதனை இரட்டிப்பு. தோட்ட வேலை செய்கிற உடம்பில் வலி மாத்திரை போடாத உடம்பு எத்தனை?

கடைசியாகவும் ஒரு கைமாற்றம் வருகிறது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கண் மங்கி, நடை தளர்ந்த பிறகு டப்பா மகன் கைக்கோ மருமகள் கைக்கோ போக வேண்டும். இருபது வருடம் மறைத்ததை அப்போது சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று பாட்டி பேரனிடம் சொன்ன அதே பொய்யை இவர்களும் மருமகளிடம் 'சத்து மாத்திரைதாம்மா' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்யக்கூடியது என்ன என்றால், 2020 ஒரு பாடம் எடுத்தது. ஊரடங்கில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று வழியும் அடைத்துவிட்டார்கள். ஜீப் இல்லை, பஸ் இல்லை. மாதாமாதம் வந்தே தீர வேண்டும் என்றிருந்த விதியைத் தளர்த்தி, மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கச் சொன்னார்கள். சில இடங்களில் பணியாளர்களும், எச்.ஐ.வி. உள்ளவர்களே நடத்தும் பாசிட்டிவ் சங்கத்துக்காரர்களும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நிலையாக இருப்பவருக்கு மூன்று மாத மருந்து என்றால் தோட்டத்து அம்மாவுக்கு வருடத்தில் எட்டு நாள் கூலி மிச்சம். இது நடுத்தர வயதுக்கும் பெரியவர்களுக்கும் நன்றாகப் பொருந்தும். பதினேழு வயதுக்காரருக்கு இதை அப்படியே நீட்டினால் சரிவருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவருக்கு மருந்தைவிட ஆள் தேவை. தன் வயதிலேயே இதே மாத்திரையைப் போடும் இன்னொருவரைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ பள்ளி விட்ட பிறகோ ஒரு மணி நேரம் கதவு திறந்திருக்க வேண்டும். குழந்தைகள் பெஞ்சிலிருந்து பெரியவர்கள் பெஞ்சுக்கு ஒரே நாளில் தள்ளிவிடாமல், யாராவது ஒருவர் ஆறு மாதம் கூடவே வர வேண்டும். பெரியவருக்குத் தேவை சுகரையும் பிபியையும் இதையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் ஒரு டாக்டர். எல்லா வயதுக்கும் ஒரே வரிசை, ஒரே டோக்கன் என்பது நிர்வாகத்துக்கு வசதி, அவ்வளவுதான்.

சிகிச்சை தொடங்கும் நாளில், கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஒருவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது வழக்கம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பாட்டி பெயர், புருஷனுக்குப் பெண்டாட்டி பெயர். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, எடை பார்த்து, பிபி பார்த்து, தேதி குறித்து அனுப்பும் முன், கவுன்சிலர் அந்த வரியை விரலால் தொட்டு ஒரு தடவை கேட்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது: 'இவங்க இப்ப கூட இருக்காங்களா? இல்லைன்னா வீட்டுல மாத்திரைய யாரு பாத்துக்கிறாங்க?'